ஒரே தோழி, ஏகப்பட்ட செயலிகள்: லேட்டாகப் பதில் போடுகிற ஒருத்தியின் விமர்சனம்

மெசேஜ் வந்தவுடன் பதில் போடுகிற ரகம் இல்லை நான். படித்துவிடுவேன். மனதுக்குள் நல்லதாக ஒரு பதிலும் சொல்லிவிடுவேன். அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பு. மூன்று நாள் கழித்துத் திறந்து பார்த்தால், அந்த அருமையான பதில் என் தலையை விட்டு வெளியே வந்திருக்கவே இருக்காது.

அப்படிப்பட்ட எனக்கு இருபத்தோரு வருடமாக ஒரு நெருங்கிய தோழி இருக்கிறாள். ஹாஸ்டலில் ஒரே அறை. படிப்பு முடிந்த கையோடு ஆளுக்கொரு திசை. பிறகு அவள் ஒரு தேசம், நான் ஒரு தேசம். நடுவில் ஆறரை மணி நேர வித்தியாசம். நான் எழுந்து பல் துலக்கும்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். கடந்த பதினான்கு வருடத்தில் நேரில் பார்த்துக்கொண்டது நான்கே முறை. போனில் பேசலாமே என்பீர்கள். பேசுகிறோம், வருடத்துக்கு ஐந்தாறு தடவை. அவள் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், என் அறைக் கதவை யாராவது தட்டுவார்கள், சொல்ல வந்த விஷயத்துக்கு வருவதற்குள் "சரி, அப்புறம்?" வந்துவிடும். அதனால் எங்கள் பேச்சு வார்த்தையெல்லாம் எழுத்தில்தான்.

அதற்காக நாங்கள் புழங்கிப் பார்த்த செயலிகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். எத்தனை எமோஜி, எவ்வளவு பெரிய ஃபைல் போகும், எந்த போனில் வேகம் என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான். பதினோரு நாள் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால், அந்தச் செயலி என்னை எப்படி உள்ளே விடுகிறது?

இன்னொரு தகவலையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். "எருமை", அவ்வளவுதான். பெயர் சொல்லிவிட்டாள் என்றால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

முதலில், செத்துப்போனவற்றுக்கு ஒரு வார்த்தை. யாஹூ மெசஞ்சரில் எதிராளி பதில் போடாவிட்டால் ஒரு பொத்தானை அழுத்தி அவர் ஜன்னலையே அதிரவைக்கலாம். என்னைப் போன்ற ஆளுக்கு அது சித்திரவதை. அவளுக்கு அது பொழுதுபோக்கு. 2018 ஜூலையில் அதை மூடினார்கள். ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் அதற்கும் முன்பே, 2014 செப்டம்பர் 30-ல் போய்ச் சேர்ந்தது. ஆர்குட்டில் டெஸ்டிமோனியல் என்று ஒன்று உண்டு, நண்பரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத. பிறர் பத்தி பத்தியாக எழுதுவார்கள். அவள் எனக்கு எழுதியது மொத்தமே இரண்டு சொல்: "நம்பாதீங்க இவளை." அதை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. மூடிய பிறகும் வேண்டியதை இறக்கிக்கொள்ள இரண்டு வருடம் அவகாசம் இருந்தது. இறக்காதது என் சோம்பல். பதில் மட்டுமா லேட்?

அடுத்தது வாட்ஸ்அப். எல்லோரும் இருக்கிற இடம், அதனாலேயே நாங்களும் இருக்கிறோம். 2009-ல் அது தொடங்கியபோது மெசேஜ் அனுப்புகிற செயலியாகவே தொடங்கவில்லை. ஜிம்மில் இருக்கிறேன், பேட்டரி தீரப்போகிறது என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி போட்டுக்கொள்வதற்கான செயலி அது. அந்தப் பிறவிக்குணம் இன்னும் போகவில்லை என்பது என் கருத்து. ஆள் இருக்கிறாரா, எப்போது வந்தார், பார்த்தாரா, விரல் அசைகிறதா என்பதிலேயே அதற்குக் கண். 2014 நவம்பரில் நீல டிக் வந்தது. அதுவரைக்கும் "இப்பதாண்டி பார்த்தேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரே இரவில் அந்த வழி அடைபட்டது. படித்தது தெரியும், படித்தும் பதில் இல்லை என்பதும் தெரியும். நெருங்கிய தோழியைப் போலீஸ்காரியாக மாற்றுவதற்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

நீல டிக்கை அணைக்கலாம். பிரைவசி அமைப்பில் போய் அணைத்தால், பிறர் படித்ததும் நமக்குத் தெரியாது, நியாயமான பேரம்தான். ஆனால் குரூப்பில் அணையாது. வாய்ஸ் நோட்டைக் கேட்டுவிட்டால் அதையும் காட்டிக்கொடுத்துவிடும். லாஸ்ட் சீனை மறைக்கலாம், ஆன்லைனில் இருப்பதையும் மறைக்கலாம். எதை மறைத்தாலும் "டைப்பிங்" மட்டும் மறையாது. மூன்று நிமிடம் "டைப்பிங்", அப்புறம் நின்றுவிடும், மறுபடி "டைப்பிங்", கடைசியில் வந்து விழுவது "ம்".

இந்த "ம்" பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கணக்கில் ஒற்றை "ம்" கோபம். "ம்ம்" என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல். "ம்ம்ம்" என்றால் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. "ஹ்ம்ம்" அவள் வேலை மாறிய பிறகு கற்றுக்கொண்டு வந்தது, அதன் பொருள் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இத்தனையும் ஒரு மெய்யெழுத்தில். எந்த அகராதிக்காரரும் இதற்குப் பொருள் எழுதிவிட முடியாது. அரட்டைச் செயலிகள் எங்களுக்குச் செய்துகொடுத்த உபகாரம் இதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அன்றாடத்தின் சின்னச் சத்தங்கள் அதில்தான் வாழும். செருப்பு அறுந்தது, லிஃப்டில் மாட்டிக்கொண்டது, மேனேஜர் தும்மியபோது மைக் ஆன் ஆகியிருந்தது. இதற்கெல்லாம் மெயில் எழுதுவார்களா?

வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம், 2023-ல் வந்த வசதி. பிழைதிருத்துவதுதான் என் பிழைப்பு என்பதால் எனக்கு இது வரப்பிரசாதம். அழிக்கவும் செய்யலாம், ஆனால் "இந்தச் செய்தி அழிக்கப்பட்டது" என்று ஒரு நடுகல் நின்றுவிடும். அழித்ததைப் பற்றி நடக்கும் விசாரணை, அழிக்காமல் விட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியதைவிட நீளமாகப் போகும்.

இனி அந்தச் சம்பவம். எந்தச் செயலி என்று சொல்லப்போவதில்லை. எதில் நடந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், தவறு எங்களுடையது.

ஆறு வருடத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை, அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். வீங்கிய கன்னத்தோடு ஒரு போட்டோ அனுப்பினாள். நான் சிரித்தேன். புதன் இரவு, என் பக்கம் நடு ராத்திரி, ஒரு மெசேஜ். அப்போதெல்லாம் நாங்கள் ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடித்துக்கொண்டிருந்தோம். வி, ஏ, எல், ஐ, நாலு எழுத்து, பிறகு "தெரியல". அவ்வளவுதான் மெசேஜ்.

பல் பிடுங்கி மூன்றாம் நாள். வலி தெரியல. நல்ல சேதிதானே! படுக்கையில் புரண்டபடியே ஒரு கட்டை விரலைத் தட்டிவிட்டு, கூடவே "சூப்பர்டி" என்று போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். என் வாழ்க்கையில் நான் உடனே பதில் போட்ட அபூர்வமான தடவைகளில் அது ஒன்று.

நான்கு நாள் அவளிடமிருந்து எதுவும் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு மெயில் வந்தது. வருடக்கணக்காக நாங்கள் மெயிலில் டிக்கெட்டும் படிவமும் தவிர எதையும் அனுப்பிக்கொண்டதில்லை. திறந்தேன். முதல் சொல் என் பெயர்.

புதன்கிழமை மாலை அவள் அம்மா அவளைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுப் பொண்ணு?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். ஒரு வருடமாகவே மறதி இருந்ததாம். சாவி, அடுப்பு, கிழமை என்று. எனக்கு அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயந்தாளாம். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதா, அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதா, தம்பி என்ன சொல்வான், எதுவும் புரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது அடித்த மெசேஜ் அது. "வலி தெரியலன்னு யாருடி சொன்னது? வழி தெரியலன்னேன். நீ கட்டை விரலைக் காட்டின."

ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து அடிக்கப் பொறுமை இல்லாதவள் அவள். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே 'எல்'. பல்லியும் பள்ளியும் அவளுக்கு ஒன்றுதான். ஒரு முறை அவள் பையன் எதைப் பார்த்து அழுதான் என்று இரண்டு நாள் தெரியாமல் இருந்தேன். அப்போது சிரித்தோம். பிழைதிருத்துகிறவள் நான். பிறர் எழுத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று மணிக்கணக்கில் பார்க்கிறவள். என் தோழியின் நான்கு எழுத்தில் ழகரம் இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்குள் தமிழைத் தமிழில்தான் எழுதுவது என்று முடிவு. நான் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினேன். அதில் ல ஒரு விசை, ள ஒரு விசை, ழ ஒரு விசை, குழப்பத்துக்கே இடமில்லை. முதல் இரண்டு வாரம் தட்டுத்தடுமாறி, ஒரு வரிக்கு ஐந்து நிமிடம். அவள் ஒலிப்பு முறையில் அடிக்கிறாள், ஆங்கில எழுத்தில் அடித்தால் திரையில் தமிழாக விழும். மெதுவாகத்தான் வருகிறது இரண்டு பேருக்கும். மெதுவாக வருவதால் கட்டை விரலைத் தட்டிவிட்டுத் தூங்கப்போகும் வாய்ப்பும் குறைகிறது.

சரி, விமர்சனத்துக்குத் திரும்புகிறேன்.

டெலிகிராமை ஒரு நான்கு மாதம் பார்த்தோம். மெசேஜை நேரம் குறித்து அனுப்பும் வசதி அருமை, 2019-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். நான் நள்ளிரவில் எழுதுவதை அவளுடைய காலைக்குக் குறித்து வைத்துவிடலாம். ஆனால் அதே வருடம் வந்த இன்னொரு வசதி என்னைத் தயங்கவைக்கிறது. இருவருக்கு இடையிலான உரையாடலில் ஒருவர் நினைத்தால் இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் அழித்துவிடலாம், எதிராளி எழுதியதையும் சேர்த்து. நடுகல்கூட நிற்காது. ரகசியம் காக்க நல்லதுதான். ஆனால் கோபம் வந்தால் ஹாஸ்டலில் என் நோட்டுப் புத்தகங்களை ஜன்னல் வழியே எறிந்தவள் அவள். அவள் கையில் அப்படி ஒரு பொத்தானைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்று, டெலிகிராமில் சாதாரண உரையாடல் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) ஆனதல்ல. "சீக்ரெட் சாட்" என்று தனியாகத் திறந்தால்தான் அது. பலர் எல்லாமே ரகசியம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சிக்னல் எனக்குப் பிடிக்கும். லாப நோக்கில்லாத அறக்கட்டளை நடத்துவது; வாட்ஸ்அப் 2016-ல் எல்லா உரையாடலையும் மறையாக்கம் செய்தபோது எடுத்துக்கொண்டதும் இவர்களுடைய முறையைத்தான். முக்கியமாக, படித்ததைக் காட்டுவதையும் அணைக்கலாம், "டைப்பிங்" காட்டுவதையும் அணைக்கலாம். இரண்டையும் அணைத்துவிட்டு அதில் எழுதினால், இருட்டில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பேசுவது மாதிரி. முகம் தெரியாது, குரல் வரும்போது வரும். அம்மாவின் மருத்துவ விவரம், தம்பியோடு பணச் சண்டை இதெல்லாம் இப்போதும் அதில்தான். குறை என்றால், அந்த ஒரு தோழிக்காக மட்டுமே போனில் இருக்கும் செயலியை அடிக்கடி திறக்கத் தோன்றாது. என்னிடம் அதைச் சொல்லவே வேண்டாம்.

ஸ்லோலி என்று ஒன்று, 2017-ல் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் பேனா நண்பர்களாவதற்கான செயலி. கடிதம் தூரத்துக்கு ஏற்பத் தாமதமாகப் போய்ச் சேரும், தபால்தலைகூட ஒட்டலாம். தாமதத்தையே சரக்காக விற்கிறார்களே, எனக்கென்றே செய்ததுபோல இருக்கிறதே என்று ஓடிப்போய்ச் சேர்ந்தேன். ஆனால் பழைய தோழிக்கு அது பொருந்தவில்லை. தாமதம் செயலியின் கையில் இருந்தால் அதில் எனக்கு என்ன சாமர்த்தியம்? அவள் சொன்னது: "நீ தூங்கிட்டு லேட்டா அனுப்பினாதான் அது உன் லெட்டர்." புது நட்பு தேடுகிறவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

கூகுள் டாக்ஸை யாரும் நட்புக்கான செயலிப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். நாங்கள் ஒரு வருடம் அதில் எழுதினோம். ஒரே ஆவணம், இருவருக்கும் உரிமை, புதியது எப்போதும் மேலே. என் எழுத்து பச்சை, அவளுடையது கத்திரிப்பூ நிறம். தேதி போட்டுவிட்டு எழுத வேண்டியதுதான். பதில் என்று ஒன்றும் கிடையாது, இருவரும் ஒரே டைரியில் எழுதுகிறோம், அவ்வளவே. யார் முறை என்ற பேச்சே எழாது. தாமதம் என்ற சொல்லே செல்லுபடியாகாத இடம். இது போதும் என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் இரவு நான் அதைத் திறந்தபோது அவளும் உள்ளே இருந்தாள். அவளுடைய கர்சர் கண்ணெதிரே துடித்துக்கொண்டிருந்தது. "அம்மா இன்னிக்கு" என்று அடித்தாள். நின்றாள். "சிரிச்சாங்க" என்று சேர்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழிந்தது. க, ங், சா என்று உயிரும் மெய்யும் கழன்று விழுந்தன. "அம்மா" மட்டும் மிச்சம். அதுவும் போயிற்று. கர்சர் மட்டும் துடித்தது. நான் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. மூலையில் என் பெயரின் முதல் எழுத்து ஒரு வட்டத்துக்குள் நின்றிருக்கும், கவனித்தாளோ என்னவோ. எட்டிப் பார்த்துவிட்ட குற்ற உணர்வோடு ஜன்னலை மூடினேன். மறுநாள் அந்த இடத்தில் வேறு ஏதோ, தும்பிக்கை உடைந்த பொம்மை யானையைப் பற்றி நாலு வரி இருந்தது. எழுதி அழிப்பதற்கு ஒருத்திக்குத் தனியிடம் வேண்டும். டாக்ஸில் அது இல்லை. போதாக்குறைக்கு, அழித்ததெல்லாம் பதிப்பு வரலாற்றில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நாங்கள் அதை நிறுத்திவிட்டோம்.

கடைசியாக, பழைய மெயில். ரே டாம்லின்சன் 1971-ல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிப் பார்த்து, பெயருக்கும் இடத்துக்கும் நடுவில் அந்தச் சுழித்த 'அட்' குறியை வைத்ததிலிருந்து கணக்குப் போட்டால், நாங்கள் பிறப்பதற்கு முந்தைய சரக்கு. இன்றைக்கும் அதுவேதான். அழகு கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. எனக்கு வேண்டியது அத்தனையும் இருக்கிறது.

முதலில், யார் எப்போது திறந்தார்கள் என்று சாதாரண மெயில் சொல்வதில்லை. (விளம்பரக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் படத்தை வைத்துத் துப்பறிவார்கள், அது வேறு கதை. தோழி அதைச் செய்தால் அவள் தோழியே இல்லை.) மெயிலுக்குப் பத்து நாள் கழித்துப் பதில் போட்டால் அது பதில். மெசேஜுக்குப் பத்து நாள் கழித்துப் பதில் போட்டால் அது பஞ்சாயத்து. இரண்டும் எழுத்துதான், வழங்குகிற முறைதான் வேறு.

இரண்டாவது, இடையில் புகுந்து எழுதலாம். அவள் எழுதிய வரிக்குக் கீழே என் வரி, அதற்குக் கீழே மறுபடி அவள் வரி. அவளுடைய நீளமான மடலை நான் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் கீழே பதில் வைப்பேன். "தம்பி பேசல" என்ற வரிக்குக் கீழே அரைப்பக்கம். "முடி கொட்டுது" என்பதற்குக் கீழே "எனக்கும்". இரண்டு மூன்று சுற்று போனபின் அந்த மடலைத் திறந்து படித்தால், ஆறு வாரப் பேச்சு ஒரே ராத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசியது போலவே இருக்கும்.

மூன்றாவது, அவள் ஒரு கம்பெனியில் கணக்கு வைத்திருக்கிறாள், நான் இன்னொன்றில். இருந்தும் மடல் போகிறது, வருகிறது. 1982-ல் வகுத்த பொது விதிமுறையின் வழி வந்தது இது. எந்த ஒரு முதலாளியும் மூடிவிட முடியாது. ஒரு சமயம் போன் மாற்றியபோது பேக்கப் எடுக்காமல் ஒரு அரட்டைச் செயலியில் எங்களுடைய ஆறு வருடத்தைத் தொலைத்தவள் நான். அவளுடைய முதல் பிரசவத்து வாரமும் அதில் போயிற்று. அதற்கப்புறம் வருடம் பிறந்ததும் முதல் வேலை, மெயில்களை மொத்தமாக இறக்கித் தனியாக ஒரு டிஸ்கில் போட்டு வைப்பது. கடந்த தடவை எண்ணினேன்: ஆறு வருடத்தில் 212 மடல். மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று. என்னைப் போன்ற ஆளுக்கு இது சாதனை. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இரண்டு வருடம் தொட்டுக்கூடப் பார்க்காத கூகுள் கணக்கை, உள்ளே இருக்கும் மடல்களோடு சேர்த்து, நீக்கிவிடலாம் என்பது அவர்களுடைய விதி. பழைய கணக்கில் யாருடைய கடிதமாவது கிடந்தால் ஒரு தடவை உள்ளே போய் வாருங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. அவள் முகவரி மாற்றிய புதிதில், புது முகவரியிலிருந்து வந்த முதல் மடல் என் ஸ்பேமுக்குள் போய் ஒன்பது நாள் கிடந்தது. அது அவள் அம்மா காணாமல் போய் நாலு மணி நேரம் கழித்துக் கிடைத்ததைப் பற்றிய மடல். லாட்டரி விழுந்தவர்களுக்கும் முடி வளர வைப்பவர்களுக்கும் நடுவில். அன்றைக்கு அவசரம் என்றால் மெயில் கூடாது என்று முடிவெடுத்தோம். அவசரத்துக்கு போன், தலை போகிற ரகசியத்துக்கு சிக்னல்.

தொனி இன்னொரு சிக்கல். 2005-ல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்ளி முதலானோர் வெளியிட்ட ஓர் ஆய்வில், மெயிலில் எழுதியது கிண்டலா நிஜமா என்று எதிராளி கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் நான்கு தடவை நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது பாதிக்குக் கொஞ்சம் மேலேதான், காசைச் சுண்டிப் பார்த்த மாதிரி. எழுதும்போது நம் குரல் நம் தலைக்குள் ஒலிக்கிறது, அதுவும் கூடவே போய்விடும் என்று நம்பிவிடுகிறோம். இருபத்தோரு வருடப் பழக்கம் இருந்தும் எங்களுக்கு இது நடக்கிறது. "நீ பெரிய தியாகி" என்று நான் எழுதியதை அவள் நிஜமாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள். அந்த நன்றியைப் படித்ததும் எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அது கிண்டல் என்று இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

மெயிலுக்கு நாங்களாகச் சேர்த்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: "லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோ" என்று தொடங்கக் கூடாது. முன்பெல்லாம் என் மடல்களில் முதல் பத்தி முழுக்க மன்னிப்பு. அந்தப் பத்தியை எழுத வேண்டுமே என்ற மலைப்பிலேயே இன்னும் ஒரு வாரம் போகும். தாமதத்துக்குத் தாமதம் வட்டி போட்டது. 2022-ல் வந்த ஓர் ஆய்வை அவள்தான் அனுப்பினாள். நெடுநாள் பேசாதவரிடமிருந்து வரும் சின்ன விசாரிப்பைப் பெறுகிறவர் எவ்வளவு மதிப்பார் என்பதை அனுப்புகிறவர்கள் குறைத்தே எடைபோடுகிறார்களாம். எதிர்பாராமல் வந்தால் மதிப்பு இன்னும் கூடுமாம். கீழே அவள் எழுதியிருந்தது: "அதனால நீ லேட்டாவே அனுப்பு. விலை ஏறட்டும்."

ஒவ்வொரு நட்புக் கட்டுரையிலும் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் வந்தே ஆக வேண்டும் என்பதால், அவர்களுக்கும் ஒரு வரி: ஒருவரை ஒருவர் பார்க்காமலே அப்படி ஒரு நட்பு சாத்தியமானது என்றால், அவர்களுக்கு லாஸ்ட் சீன் இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குரூப், ஸ்டிக்கர், வாய்ஸ் நோட் பற்றி எழுதவில்லையே என்று கேட்பீர்கள். குரூப் பிறந்தநாள் வாழ்த்துக்கு. ஸ்டிக்கர் இருக்கிறது, என் தூங்கும் மூஞ்சியை வெட்டி அவள் செய்தது, ஹாஸ்டல் குரூப் முழுக்கப் புழங்குகிறது. வாய்ஸ் நோட் எழுத்தில் சேராது.

மார்க் வேண்டுமா? மெயிலுக்குப் பத்துக்கு எட்டரை, ஸ்பேமுக்காக ஒன்றரை கழித்து. சிக்னலுக்கு எட்டு. வாட்ஸ்அப்புக்கு ஆறு, அந்த ஆறும் "ம்ம்ம்"-க்காக. டாக்ஸுக்கு மார்க் போட மனம் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவளுக்கான மடல் ஒன்று டிராஃப்டில் பாதியில் நிற்கிறது. பதினோரு நாள். நேற்று அவளிடமிருந்து இன்னொன்று வந்தது. பதில் எங்கே என்று கேட்கவில்லை. சப்ஜெக்டில் "பல்" என்று இருந்தது. மறுபக்கத்துக் கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிவிட்டார்களாம். உள்ளே இரண்டே வரி:

"எருமை, வலி தெரியல. லகரம்தாண்டி, நல்லாப் பாத்துக்கோ."